ஏழு நாள் மாத்திரையும் என் இரண்டாவது முழங்காலும்

பிரபு,

நேற்றுக் காலை பீரோவிலிருந்து எக்ஸ்ரே கவரை எடுத்தேன். திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு வரும்போது பழைய படங்களையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கையை உள்ளே விட்டால் படத்துக்குப் பின்னால் மூன்று அட்டை மாத்திரை இருந்தது. பெயரைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பத்தடி தூரத்திலிருந்தே அந்த அட்டையை அடையாளம் சொல்வேன். பார்த்த நொடியே வாயில் எச்சில் ஊறியது. அறுபத்திரண்டு வயதில் ஒருத்தி தன் வாயையே அருவருப்பாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். நீ முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தாய். போன் போட்டுக் கத்தலாம் என்றுதான் எடுத்தேன், லைனில் நிற்கிறவனிடம் என்னத்தைக் கத்துவது என்று வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இதை மறைத்து வைத்துப் படிக்காதே. உன் பெண்டாட்டி கோமதி படிக்கட்டும், உன் மாமனார் வீட்டில் படிக்கட்டும், உன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வேண்டுமானாலும் போடு. மூட்டு மாற்றப் போகிற அம்மாவோ அப்பாவோ இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் உன்னைப் போல ஒரு பிள்ளை இருப்பான்.

நீ எதற்கு வாங்கி வைத்தாய் என்று எனக்குத் தெரியும். கேட்டால் 'அம்மா வலி தாங்கமாட்டாள்' என்பாய். பொய். போன வருஷம் வலது முழங்கால் மாற்றியபோது நான் கத்தியதைக் கேட்டு நீ மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? நீ என் வலிக்காக வாங்கவில்லை பிரபு, உன் காதுக்காக வாங்கினாய். அந்த மாத்திரை என்னை என்ன செய்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ. பார்த்துவிட்டும் மூன்று அட்டை வாங்கி, அதை நான் தினமும் திறக்கிற பீரோவிலேயே வைத்திருக்கிறாய். ஒளித்து வைக்கக்கூடத் துப்பில்லை. இதைப் பாசம் என்று சொன்னால் அந்தப் பாசம் எனக்கு வேண்டாம்.

போன வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றார்கள். படுக்கை, டாக்டர், புது மூட்டு, மூன்று வேளை இட்லி, கடைசியில் கையில் ஒரு ஃபைல். வீட்டுக்கு அனுப்புகிற அன்று வந்த சின்ன டாக்டர் உன் வயதுதான் இருப்பார். செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த மாத்திரை ஏழு நாளைக்குத்தான்மா. ஒரு நாளைக்கு ரெண்டு. அதுக்கு மேல எழுத மாட்டோம், ரூல். அப்புறம் சாதா வலி மாத்திரை போதும்." எனக்குச் சுருக்கென்றது. "எலும்பையே அறுத்து எடுத்துட்டு மாத்திரைக்குக் கணக்குப் பாக்கறீங்களே சார்" என்றேன். அவர் சிரித்தார். செல்போனைப் பார்த்துச் சிரித்தாரா, என்னைப் பார்த்தா, இன்றுவரை தெரியாது. ஏன் ஏழு நாள், எட்டாம் நாள் வலித்தால் யாரைக் கூப்பிடுவது, வலி எத்தனை வாரம் இருக்கும், ஒரு வார்த்தை இல்லை. ரூல் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். இப்போது அந்த ரூல் சரிதான் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் சரியான ஒன்றைச் சொன்ன விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

பக்கத்துப் படுக்கையில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கெம்பம்மா இருந்தாளே, அவளுக்கும் அதே டாக்டர், அதே ஆபரேஷன், அதே பதினான்கு மாத்திரை. அவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. யானை வந்து மிதித்துவிட்டுப் போன ராகிக்கு நஷ்டஈடு எழுத அதிகாரி எப்போது வந்து பார்ப்பார் என்பதுதான் அவளுடைய கவலை. தையல் பிரிக்க இரண்டு பேரும் ஒரே நாளில் போனோம். அவள் முந்தானையிலிருந்து ஐந்து மாத்திரையை எடுத்து, "இது மிஞ்சிப் போச்சு, யார்கிட்ட குடுக்கறது?" என்று நர்ஸைக் கேட்டாள். நான் அவளை ஏதோ நாட்டுப்புறம் என்பது போலப் பார்த்தேன். அவள் கையிலிருந்த அந்த ஐந்தையும் பார்த்தேன். அதற்குள் நான் என்னுடைய பதினான்கையும் தீர்த்துவிட்டு, நீ வாங்கி வந்ததில் பாதியையும் தீர்த்திருந்தேன். அவளுக்கு என்னைவிட வலி குறைவு என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் என்னைப் போலத்தான் முனகினாள், நான் காதால் கேட்டேன். வலித்தபோது போட்டாள், வலிக்காதபோது போடவில்லை, அவ்வளவுதான்.

நான் அப்படிப் போடவில்லை. அதற்குக் காரணம் இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலை என்று இப்போது நினைக்கிறேன். சிப்காட்டில் கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, எந்தச் சாமானும் பூஜ்யத்துக்கு வரக்கூடாது என்பது. ட்ரில் பிட் பெட்டியில் பத்துக்குக் கீழே போனால் அன்றைக்கே ஆர்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும், லைன் நின்றால் மேனேஜர் என் கழுத்தைப் பிடிப்பார். அந்தப் புத்தியோடுதான் நான் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். நான்காம் நாள் அதில் ஆறுதான் இருந்தது. கால் அன்றைக்கு அவ்வளவு வலிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் ஆறுதான் இருக்கிறது என்று பார்த்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பி எண்ணினேன். காலியான அட்டைக்குத்தான் பயந்தேன், முழங்காலுக்கு அல்ல. இன்னும் ஒரு வெட்கக்கேடு கேள். எங்கள் ஸ்டோர்ஸில் பழைய பிட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுசு. சில பேர் முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் ஒரு சீட்டு, இரண்டாம் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் ஒரு சீட்டு என்று வாங்கி வருவார்கள். அவர்களை ஜன்னல் வழியாக நான் கேட்ட கேள்விகளைக் கம்பெனியே கேட்டிருக்கிறது. "வெக்கமா இல்ல?" என்பேன். அதே நான்தான் தமிழ்நாட்டில் ஒரு சீட்டும் கர்நாடகத்தில் ஒரு சீட்டும் வாங்கினேன்.

முதலில் போனது நீ. ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் அழுதேன், நீ ஹெல்மெட்டை எடுத்தாய். ஓசூர் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றார்கள். நீ ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கிற அத்திப்பள்ளிக்குப் போய், அங்கே ஒரு கிளினிக்கில் என் ஃபைலைக் காட்டிப் புதிதாக எழுதி வாங்கி வந்தாய். "இந்தப் பக்கம் இல்லன்னா அந்தப் பக்கம்மா, அதுக்கு ஏன் அழுவற?" என்றாய். எனக்கு அப்போது நீ கடவுள். என் முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஆளைக்கூடப் பார்க்காமல், ஃபைலைப் பார்த்து முப்பது மாத்திரை எழுதினானே ஒரு டாக்டர், அவனை நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. பதினான்கு இருந்தபோது எனக்குப் பதினான்கு தேவைப்பட்டது. முப்பது வந்ததும் முப்பது தேவைப்பட்டது. கால் அதே கால்தான். வீட்டில் இருக்க இருக்கத்தான் வாய் கேட்கிறது.

தீரத் தீர நீயே வாங்கி வந்தாய், இரண்டு மாதம் கழித்துத்தான் யோசிக்க ஆரம்பித்தாய். "இன்னுமாம்மா?" என்று கேட்டாய். அதன்பிறகு உன்னிடம் சொல்லவில்லை, நானே போனேன். நீ நினைத்துக்கொண்டாயே, அம்மா கோயிலுக்கு நடந்து போகிறாள், கால் நன்றாகிவிட்டது என்று. பொங்கல் வைக்கிற அளவுக்குச் சந்தோஷப்பட்டாய். நான் கோயிலுக்குப் போகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி அத்திப்பள்ளி போனேன். ஒரே கடையில் இரண்டு தடவை வாங்கினால் முகம் தெரிந்துவிடும் என்று கடை மாற்றினேன். "சீட்டி இதெயாம்மா?" என்று கன்னடத்தில் சீட்டு கேட்பான். எனக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், தெரியாதது போல விழிப்பேன், கிழவி பாவம் என்று ஒரு அட்டையைத் தள்ளுவான். இந்த மாத்திரை வாங்குகிறவர்களைத் தனி நோட்டில் எழுதப் பெயர் கேட்ட கடையில் உன் அப்பாவின் பெயரைச் சொன்னேன். செத்து ஒன்பது வருஷம் ஆன மனுஷனின் பெயரில் மாத்திரை வாங்கினேன். அப்போது கூசவில்லை. மாத்திரை பைக்குள் விழுந்த சந்தோஷத்தில் திரும்பி வருகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தேன். நாக்கு காய்ந்து தோல் மாதிரி ஆகிவிட்டது, ஐந்து நாளுக்கு ஒரு முறைகூட வெளிக்குப் போக முடியவில்லை, வேர்வையில் ஒரு புளித்த வாடை. கோமதி என் தலையணை உறையைத் தனியாகத் துவைத்தாள். முகம் சுளிக்காமல்தான் துவைத்தாள், நான்தான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இதுவரை நான் எழுதியது உனக்குப் பாதி தெரிந்ததுதான். இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாது.

என்னோடு ஸ்டோர்ஸில் வேலை பார்த்த மும்தாஜை உனக்கு நன்றாகத் தெரியும். உன் பத்தாவது ரிசல்ட்டுக்கு அவள்தான் தம்ரூட் இனிப்பு செய்து கொண்டு வந்தாள். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த அவள் வீட்டுக்காரர் பாஷா பாய்க்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மட்டும் கிருஷ்ணகிரியில் ஒரு மையத்தில் மார்பின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு எண்ணித்தான் கொடுப்பார்கள், காலி அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது, கடையில் எங்கே தேடினாலும் கிடைக்காது. இதையெல்லாம் மும்தாஜே என்னிடம் சொன்னாள். நம்பிச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்த நான்காவது மாதம், என் கையில் ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, நோயாளியைப் பார்க்கிறேன் என்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "வாக்கா, இந்தக் காலோட எதுக்கு வந்த? உக்காரு, டீ போடறேன்" என்று அவள் உள்ளே போனாள். பாஷா பாய் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அலமாரியில் டப்பா இருந்தது. ஒரு அட்டையை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். பத்து மாத்திரை. பிறகு அவள் போட்ட டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து மாத்திரை அந்த மனுஷனுக்கு இரண்டு நாள் கூடத் தாங்காது. அடுத்த முறை வாங்குகிற நாள் வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. மும்தாஜ் ஓடியிருக்கிறாள். மையத்தில் கணக்கு உதைக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள், பெரிய டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்று காக்க வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, என்னைப் போல ஆட்கள் இருப்பதால்தானே அவர்களுக்கு அந்தக் கணக்கு. "நீங்களே எங்கேயாவது குடுத்துட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாளாம். இதையெல்லாம் மும்தாஜ் எனக்குத்தான் போன் போட்டு அழுதுகொண்டே சொன்னாள். நான் ஆறுதல் சொன்னேன். "நீ எங்கியாவது கைமறதியா வெச்சிருப்ப மும்தாஜு, நல்லா தேடிப் பாரு" என்றேன். அதைச் சொன்ன வாய் இதுதான் பிரபு. அடுத்த மாதம் பாஷா பாய் இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் என்ன ஒரு சிநேகிதம் என்றார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கோமதிதான் கண்டுபிடித்தாள், அரிசி டப்பாவில். உன்னை மாதிரி மொட்டை மாடிக்கு ஓடாமல் ஆட்டோ வைத்து என்னை ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனாள். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு முழுசாகக் கேட்டார். பட்டென்று நிறுத்தவில்லை, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறைக்கக் குறைக்க மூக்கு ஒழுகியது, வயிற்றால் போனது, கால் தன்னால் உதறியது. அப்போதுதான் அவர் சொன்னார்: "மூணு மாசம் வரைக்கும் வலி இருக்கத்தான்மா செய்யும். வலிக்குதுன்னா மூட்டு கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல. ஐஸ் வைங்க, மடக்கி நீட்டுங்க, தாங்கலன்னா என்னைக் கூப்புடுங்க, அத்திப்பள்ளிக்குப் போவாதீங்க." இந்த நாலு வரியை வீட்டுக்கு அனுப்பிய அன்றே அந்தச் சின்ன டாக்டர் சொல்லியிருக்கலாம். மாத்திரைக்கு வேலி போட்டார்கள், நல்லது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன செய்வது என்று சொல்லாமல் போட்டார்கள், அதனால்தான் நான் எல்லையைத் தாண்டினேன். ஆனால் இதைச் சாக்காகச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். கெம்பம்மாவுக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐந்து நாள்தான் கொடுப்பார், அதுவும் கோமதி கையில். அதற்குப் பிறகு தாங்கவில்லை என்றால் அவர் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், வேறு யாரையும் கேட்கக் கூடாது. நீ வாங்கிய மூன்று அட்டையையும் நேற்று மத்தியானமே கோமதி கொண்டு போய் அங்கே கொடுத்துவிட்டாள். ஒன்று குறையவில்லை, எண்ணிக்கொள். ஆனால் அவள் வந்து வாங்குகிற வரைக்கும் நான் பீரோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம். இத்தனை மாதம் தொடாதவள், அந்த அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்று உள்ளே கிடந்தால் இன்னொரு டப்பாவையும் நான் திறப்பேன் என்று. சாயங்காலமே கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்துக் குருபரப்பள்ளியில் இறங்கினேன்.

மும்தாஜ் வாசலில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். ஆரஞ்சு, டீ, அலமாரி, போனில் நான் சொன்ன ஆறுதல், எல்லாம். அவள் கத்துவாள், செருப்பை எடுப்பாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் மிளகாய் அள்ளுவதை நிறுத்திவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள். "உன் புள்ளைக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "என்கிட்ட சொல்லிட்டா உனக்கு எறங்கிடும். அவன்கிட்டயும் சொல்லு. யார்கிட்ட வேணாலும் சொல்லு, என் பேரைச் சொல்லியே சொல்லு, எனக்கொன்னும் இல்ல" என்றாள். சரி என்றேன். திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அந்த ரெண்டு நாளும் துண்டை வாயில வெச்சுக் கடிச்சிட்டே கெடந்தாரு. நான்தான் மாத்திரைய தொலைச்சிட்டேன்னு அவருக்கு. சாவற வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல, ஆனா அப்புறம் என் கையால தண்ணிகூட வாங்கல, பையனைத்தான் கூப்புட்டாரு. நான் தொலைக்கலன்னு இப்ப யாரு போயி அவர்கிட்ட சொல்றது?"

பஸ் வருகிறவரை ரோட்டோரம் நின்றிருந்தேன், அவள் உள்ளே போய்விட்டாள்.

பிரபு, இந்த ஐந்து நாள் மாத்திரை நின்ற பிறகு நான் உன்னிடம் வருவேன். கோமதியிடம் கேட்கமாட்டேன், அவளிடம் செல்லாது என்று எனக்குத் தெரியும், உன்னிடம்தான் வருவேன். கெஞ்சுவேன், பெற்ற வயிறு என்பேன், நீ குழந்தையாக இருந்தபோது ராத்திரி பகலாகப் பார்த்ததையெல்லாம் இழுப்பேன். மாடிக்குப் போகாதே. ஹெல்மெட்டை எடுக்காதே. என் பக்கத்தில் உட்கார்ந்து, மும்தாஜ் கடைசியாகக் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் என்னைக் கேள்.

அம்மா